பிரெட்போர்டில் தனிச் சிப், எல்சிடியில் வெறும் கறுப்புக் கட்டங்கள்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி இதுதான்: ஆர்டுயினோ ஊனோ போர்டில் 16×2 எல்சிடி ஒழுங்காக எழுத்துக் காட்டியது. அதே புரோகிராமை, ஊனோவுக்கு மூளையாக இருக்கும் அதே வகைப் புதிய ஏடிமெகா328பி சிப் ஒன்றில், ஊனோவையே புரோகிராமராக வைத்து ஏற்றி, சிப்பைப் பிரெட்போர்டில் (ஈயம் வைக்காமல் ஒயர்களைச் சொருகி இணைக்கும் துளைப் பலகை) குத்தி, அதே எல்சிடியை இணைத்தாயிற்று. பேக்லைட் எரிகிறது. மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன. அதற்கு மேல் எதுவும் இல்லை. எல்சிடி கெட்டுப்போய்விட்டதா, புதிதாக வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். அந்தக் கட்டங்களே எல்சிடி நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். இந்த வகை எல்சிடிகளுக்குள் எச்டி44780 அல்லது அதைப் போலவே நடந்துகொள்ளும் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று இருக்கும். மின்சாரம் வந்ததும் அது தானாகவே 8 பிட், ஒரு வரி என்ற நிலைக்குப் போய் நிற்கும். அந்த நிலையில் மேல் வரி இருண்டும் கீழ் வரி வெறுமையாகவும் தெரியும். ஆக, மின்சாரம் வந்திருக்கிறது, காண்ட்ராஸ்ட் சரியாக இருக்கிறது, உள்ளிருக்கும் சிப்பும் விழித்திருக்கிறது. ‘இனி 4 பிட்டில் பேசுவோம், இரண்டு வரி வேண்டும்’ என்ற தொடக்கக் கட்டளை மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை. கட்டளை சிப்பிலிருந்து கிளம்பவே இல்லையா, கிளம்பி வழியில் தொலைந்ததா, இல்லை தப்பான வேகத்தில் வந்து சேர்ந்ததா என்பதைத்தான் தேட வேண்டும்.

இந்தத் தேடலில் பலரும் எல்சிடியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, லைப்ரரியை (எல்சிடியோடு பேசும் ஆயத்த நிரல்) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்சிடி என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி. முன்னால் உள்ள கண்ணிகள் நிச்சயமாகும் வரை அதைக் கேட்டு ஒரு பதிலும் கிடைக்காது. முதலில் அதை மறந்துவிட்டு, சிப்பின் 19-ஆம் காலில் (போர்டில் அது 13-ஆம் பின்) 330 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரையிலான ஏதாவதொரு ரெசிஸ்டருடன் ஓர் எல்இடியை இணையுங்கள். ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும் சாதாரண பிளிங்க் புரோகிராமை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். எரிகிறதா என்பதைவிட எவ்வளவு நேரம் எரிகிறது என்பது இங்கே முக்கியம்.

எல்இடி மின்னவே இல்லையென்றால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். சிப்பின் 7-ஆம் காலும் 20-ஆம் காலும் 5 வோல்ட்டுக்கு, 8-ஆம் காலும் 22-ஆம் காலும் கிரவுண்டுக்குப் போக வேண்டும். நான்கும் வேண்டும். 20-ஆம் கால் அனலாக் பகுதிக்கான மின்சாரம். நாம் அனலாக் எதையும் பயன்படுத்தாவிட்டாலும் அதைத் தொங்கவிடக் கூடாது. பக்கத்திலேயே இருக்கும் 21-ஆம் காலை (அது ஏரெஃப்) மட்டும் 5 வோல்ட்டில் சேர்க்காதீர்கள். சும்மா விடுங்கள், அல்லது ஒரு 100 நானோஃபாரட் கபாசிட்டரைப் போட்டுக் கிரவுண்டுக்கு விடுங்கள். மல்டிமீட்டரின் முனையைப் பிரெட்போர்டின் ஓரப் பட்டையில் வைத்து அளக்காமல் சிப்பின் காலிலேயே வைத்து அளக்கவும். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரப் பட்டை நடுவில் துண்டாகியிருக்கும். மேலே பார்த்தால் சிவப்புக் கோடு அங்கே விட்டுப்போயிருப்பது தெரியும், சிலவற்றில் அதுகூடத் தெரியாது. ஒரு பாதியில் 5 வோல்ட், மறு பாதியில் ஒன்றுமில்லை என்ற நிலை எளிதில் வந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 7-ஆம் காலுக்கு மின்சாரமே போகாமல் சிப் அரைகுறையாக ஓடுவதுண்டு. வேறு ஏதாவதொரு கால் வழியாக, உதாரணமாக எல்சிடியிலிருந்தோ புரோகிராமரிலிருந்தோ வரும் ஒயர் வழியாக, சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு மின்சாரத்தை உள்ளே விட்டுவிடும். எல்இடி மங்கலாக எரியும், புரோகிராம் ஓடும், நின்றுவிடும், மறுபடி ஓடும். 7-ஆம் காலில் அளந்தால் 5-க்குப் பதில் 4 வோல்ட் சொச்சமோ அதற்கும் குறைவாகவோ காட்டினால் இதைச் சந்தேகியுங்கள்.

மின்சாரம் சரி என்றால் 1-ஆம் கால். அது ரீசெட். அதிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று 5 வோல்ட்டுக்குப் போக வேண்டும், அளந்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். அந்த ரெசிஸ்டர் இல்லாமலும் சில நாள் ஓடும், பக்கத்தில் கை போனால் ரீசெட் ஆகும். அப்புறம் 7-க்கும் 8-க்கும் நடுவிலும், 20-க்கும் 22-க்கும் நடுவிலும் ஆளுக்கொரு 100 நானோஃபாரட் கபாசிட்டர், சிப்பை ஒட்டியே. இவையெல்லாம் ஊனோ போர்டில் ஏற்கெனவே இருந்தவை. போர்டு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையைப் பிரெட்போர்டில் நாம்தான் செய்ய வேண்டும்.

இப்போது சிப்பின் கடிகாரத்துக்கு, அதாவது அதன் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்புக்கு வருவோம். உங்கள் கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது ‘புதிய சிப்’ என்பதுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா328பி, வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் (அந்தத் துடிப்புக்கு ஆதாரமான உறுப்பு) இருப்பதைக் கண்டுகொள்ளாது. உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படிதான் அதன் ஃபியூஸ்கள் (சிப்பின் அடிப்படை அமைப்புகளைக் குறித்துவைக்கும் பிட்டுகள்) அமைக்கப்பட்டிருக்கும். புரோகிராமர் வழியாக நம் புரோகிராமை ஏற்றுவதால் ஃபியூஸ் மாறாது. ஆர்டுயினோ மென்பொருளில் ‘பர்ன் பூட்லோடர்’ என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் ஃபியூஸ்கள் எழுதப்படும். பூட்லோடர் (புரோகிராமர் இல்லாமலே புரோகிராம் ஏற்ற உதவும் சின்ன நிரல்) தேவையில்லை என்று அந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் ஃபியூஸையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறார்கள். 16 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்ட பிளிங்க் இப்படிப்பட்ட சிப்பில் ஒரு விநாடிக்குப் பதில் 16 விநாடி எரியும். கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஐந்து விநாடி பார்த்துவிட்டு ‘மின்னவில்லை’ என்று முடிவுகட்டிவிடுவது எளிது.

ஆனால் இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். சிப் மெதுவாக ஓடுவதால் மட்டும் எல்சிடி வெறும் கட்டங்களாக நிற்காது. எச்டி44780-க்குத் தேவைப்படுவதெல்லாம் குறைந்தபட்சக் காத்திருப்பு. மின்சாரம் வந்ததும் சுமார் 40 மில்லிவிநாடி, திரையைத் துடைக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிவிநாடி, மற்றக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு 37 மைக்ரோவிநாடி. இவற்றைவிட நீளமாகக் காத்திருந்தால் அதற்கு ஆட்சேபணை இல்லை. பதினாறு மடங்கு மெதுவாக ஓடும் சிப், எழுத்துகளைச் சற்றுத் தாமதமாகவேனும் எழுதிவிடும். ஆர்டுயினோவின் எல்சிடி லைப்ரரி தொடக்கத்தில் காத்திருக்கும் 50 மில்லிவிநாடி 800 ஆகும், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. 1 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லி கம்பைல் செய்த புரோகிராம் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்குள் போனால் அந்த 50 மில்லிவிநாடி மூன்று மில்லிவிநாடியாகச் சுருங்கும். எல்சிடி விழிப்பதற்குள் கட்டளைகள் எல்லாம் வந்து போய்விடும், கட்டங்கள் அப்படியே நிற்கும். ஆர்டுயினோ இல்லாமல் நேரடியாக சி மொழியில் எழுதுகிறவர்கள் கடிகார வேகத்தைச் சொல்லும் அந்த ஒரு வரியை வேறெங்கிருந்தோ நகலெடுக்கும்போது இப்படித்தான் ஆகும். ஆக, பிளிங்க் மெதுவாக இருந்தால் ஃபியூஸைத் திருத்துங்கள், ஆனால் கட்டங்களுக்குக் காரணம் வேறு இடத்திலும் இருக்கும் என்று எதிர்பாருங்கள். பிளிங்க் வேகமாக இருந்தால் காரணம் அதுவேதான்.

ஃபியூஸைக் கிரிஸ்டலுக்கு மாற்றியதும் சிப் ‘செத்துவிட்டது’ என்று பயப்படாதீர்கள். அந்த நிமிடத்திலிருந்து அதற்கு வெளிக் கிரிஸ்டல் இல்லாமல் கடிகாரமே இல்லை. புரோகிராமருக்குக்கூடப் பதில் சொல்லாது. 9, 10-ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒவ்வொரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கபாசிட்டர், ஒயர்கள் முடிந்த அளவு குட்டையாக. இதைச் செய்ததும் எழுந்து உட்காரும். கிரிஸ்டலின் காலில் மல்டிமீட்டர் முனையை வைத்துச் சோதிக்க வேண்டாம்; அந்தத் தொடுதலே ஆசிலேஷனை நிறுத்திவிடக்கூடும், இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

எல்இடி சரியாக ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணைகிறது, கட்டங்கள் மட்டும் மாறவில்லை என்றால், தவறு பெரும்பாலும் ஒயர்களில்தான். அதில் எல்லாவற்றுக்கும் முதலாவது, எண்களின் குழப்பம். புரோகிராமில் எழுதுவது போர்டின் பின் எண். பிரெட்போர்டில் நாம் எண்ணுவது சிப்பின் கால் எண். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. லைப்ரரியோடு வரும் உதாரணம் 12, 11, 5, 4, 3, 2 என்ற பின்களைப் பயன்படுத்துகிறது. சிப்பில் அவை: ஆர்எஸ் (வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்லும் ஒயர்) போகும் 12 என்பது 18-ஆம் கால்; எனேபிள் (‘இப்போது எடுத்துக்கொள்’ என்று துடிப்பு தரும் ஒயர்) போகும் 11 என்பது 17-ஆம் கால்; டேட்டா ஒயர்களில் டி4 போகும் 5 என்பது 11-ஆம் கால்; டி5 போகும் 4 என்பது 6-ஆம் கால்; டி6 போகும் 3 என்பது 5-ஆம் கால்; டி7 போகும் 2 என்பது 4-ஆம் கால். சிப்பின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் 1-ஆம் கால் இடது மேல் மூலை. அங்கிருந்து கீழே இறங்கி 14, பிறகு வலப்பக்கம் கீழிருந்து மேலேறி 28. வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக எண்ணிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

கவனியுங்கள், 17-உம் 18-உம் புரோகிராமரின் ஒயர்களும் வந்து சேரும் கால்கள். ஏற்றும்போது எனேபிள் ஒயரில் துடிப்புகள் போய் எல்சிடி ஏதேதோ காட்டினால் கவலைப்பட வேண்டாம். ஏற்றி முடித்ததும் புரோகிராமரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி மறுபடி கொடுங்கள். கழற்றும்போது கிரவுண்டு ஒயரும் சேர்ந்து போய்விடாமல் பாருங்கள். சிப்புக்கும் எல்சிடிக்கும் கிரவுண்டு ஒன்றாக இல்லாவிட்டால் மற்ற எதுவும் பயன்படாது.

அடுத்து எல்சிடியின் 5-ஆம் கால், அதாவது படிக்கவா எழுதவா என்று சொல்லும் ஆர்டபிள்யூ. இது கிரவுண்டில் இருக்க வேண்டும். ‘நான் எல்சிடியிலிருந்து எதையும் படிக்கப்போவதில்லையே, இது எதற்கு’ என்று சும்மா விட்டால், எச்டி44780-க்குள் இருக்கும் புல்-அப் (இணைக்காத காலை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் அமைப்பு) அதை மேலே இழுத்துப் ‘படி’ நிலையில் வைத்துவிடும். நாம் எழுதுவது எதையும் அது ஏற்காது; கூடவே அதுவும் டேட்டா ஒயர்களில் தன் பங்குக்குத் தள்ளப் பார்க்கும். விளைவு, நீங்கள் பார்க்கும் அதே கட்டங்கள். மல்டிமீட்டரை அந்தக் காலில் வையுங்கள். சுழியம் வோல்ட் காட்டினால் நல்லது. 5-க்குப் பக்கத்தில் காட்டினால் கிரவுண்டு ஒயர் அங்கே போய்ச் சேரவில்லை.

இதே புல்-அப் டேட்டா கால்களிலும் உண்டு. அதனால் வரும் ஒரு விளைவை விளங்கிக்கொண்டால் தேடல் மிகவும் எளிதாகும். நான்கு டேட்டா ஒயர்களில் ஒன்று தொடாமல் இருந்தால் சில எழுத்துகள் மட்டும் தப்பாக வரும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. தொடாத ஒயர் எப்போதும் ‘1’ என்றே படிக்கப்படும். 4 பிட்டுக்கு மாறு என்பதற்கான குறி 0010. டி4 விட்டுப்போயிருந்தால் எல்சிடிக்குக் கிடைப்பது 0011, அதாவது ‘8 பிட்டிலேயே இரு’. தொடக்கமே குலைந்துவிடும். டி5 விட்டுப்போயிருந்தால் ‘திரையை இயக்கு’ என்ற 0000 1100, 0010 1110 ஆக மாறி வேறொரு கட்டளையாகிவிடும். திரை இயங்கவே இயங்காது. டி6-உம் டி7-உம் அப்படியே, முதல் கட்டளையையே வேறாக்கிவிடும். ஆக, ஒரே ஒரு ஒயர் போதும், மொத்தமும் நின்றுவிட.

மாறாக, தொடக்கம் நன்றாக முடிந்து எழுத்துகள் தெரிந்துகொண்டிருக்கும்போது ஒரு ஒயர் தளர்ந்தால்தான் எழுத்துகள் மாறும். அப்போது எது தளர்ந்தது என்பதை எழுத்துகளே சொல்லிவிடும். டி4 விட்டுப்போனால் ஆங்கில ‘ஏ’ எழுதும் இடத்தில் ‘கியூ’ வரும்; ‘பி’, ‘சி’ இரண்டுமே ‘எஸ்’ ஆகும்; இடைவெளி எல்லாம் ‘1’ ஆகும். 4 பிட் முறையில் ஒவ்வொரு ஒயரும் எழுத்தின் மேல் பாதியில் ஒரு பிட்டையும் கீழ் பாதியில் ஒரு பிட்டையும் சுமப்பதால் வரும் விளைவு இது. குறியீட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வர வேண்டிய எழுத்தையும் வந்த எழுத்தையும் இரும எண்களாக எழுதிப் பார்த்தால் குற்றவாளி ஒயர் இரண்டே நிமிடத்தில் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, கருவி எதுவும் வேண்டாம்.

உங்களைப் போல் எழுத்தே வராத நிலையில் வேறு வழி இருக்கிறது. எல்சிடி லைப்ரரியை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த ஆறு பின்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து விநாடி உயர்த்தி, பிறகு தாழ்த்தும் சின்னப் புரோகிராம் எழுதுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை எல்சிடியின் 1-ஆம் காலில், சிவப்பு முனை எல்சிடியின் மற்றக் கால்களில். பிரெட்போர்டின் துளையில் அளக்காமல் எல்சிடியின் பச்சைப் பலகையில் இருக்கும் ஈயப் புள்ளியிலேயே அளக்க வேண்டும். முறை வரும்போது 5 வோல்ட், மற்ற நேரம் சுழியம் என்றால் அந்த ஒயர் நல்ல ஒயர். எப்போதும் 5 வோல்ட் அளவிலேயே நின்றால் புல்-அப் மட்டும்தான் பேசுகிறது, ஒயர் சேரவில்லை. ஒன்றின் முறைக்கு இன்னொன்று உயர்ந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ஹெடர் கால்களை ஈயம் வைக்காமல் சும்மா துளையில் சொருகி வைத்திருந்தாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு இணைந்தது போலவே இருக்கும், தொடாது.

கட்டங்கள்கூடத் தெரியாமல் திரை வெறுமையாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்சிடியின் 3-ஆம் கால். 5 வோல்ட் எல்சிடிக்கு அங்கே பெரும்பாலும் அரை வோல்ட் அளவுதான் இருக்க வேண்டும். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலை அங்கே கொடுத்து, இரு ஓரங்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, மெதுவாகத் திருப்புங்கள். 3.3 வோல்ட்டில் ஓட்டினால் கிரவுண்டு வரை திருப்பினாலும் எழுத்து தெரியாமல் போகலாம். அந்த எல்சிடிக்கு அந்த மின்னழுத்தம் போதாது. 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஏடிமெகா328பிக்கும் அதிகம்தான். அது 4.5 வோல்ட்டில் 20, 2.7 வோல்ட்டில் 10 வரை தாங்கும். நடுவில் கணக்கிட்டால் 3.3-க்குச் சுமார் 13 மெகாஹெர்ட்ஸ். ஓடுவது போலத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம், 8-க்கு இறங்குங்கள்.

ஆறு ஒயருக்குப் பதில் இரண்டே ஒயரில் வேலை செய்யும் ஐ2சி பலகை முதுகில் ஒட்டிய எல்சிடி என்றால் கதை சற்று மாறும். எஸ்டிஏ (டேட்டா ஒயர்) 27-ஆம் காலுக்கும் எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு ஒயர்) 28-ஆம் காலுக்கும் போக வேண்டும். எதுவும் அனுப்பாத நேரத்தில் இரண்டிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றிலிருந்தும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போடுங்கள். முகவரி பிசிஎஃப்8574 சிப் என்றால் ஹெக்ஸ் 20 முதல் 27 வரை, அதன் ‘ஏ’ வகை என்றால் 38 முதல் 3எஃப் வரை. எந்தச் சிப் இருக்கிறது என்று ஊகிக்காமல் முகவரி தேடும் ஸ்கேனர் புரோகிராமை ஓட்டிவிடுங்கள். முகவரி கிடைத்தும் கட்டங்கள்தான் என்றால், பலகையின் உள்ளே எந்தக் கால் எதற்குப் போகிறது என்பதில் லைப்ரரி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறது.

சிறிய ஓஎல்இடி திரைகளில் முகவரியைப் பலகையின் பின்னால் 78 என்று அச்சிட்டிருப்பார்கள். புரோகிராமில் எழுத வேண்டியது அதன் பாதியான 3சி. 128×64 திரையின் முழுப் படமும் 1024 பைட் எடுக்கும், சிப்பின் மொத்த ராமோ 2048 பைட்தான். மற்ற மாறிகள் கூடக்கூட ஒரு கட்டத்தில் இடம் போதாமல் திரை இருண்டுபோகும், கம்பைலர் முன்கூட்டிச் சொல்லாது. ஓரத்தில் இரண்டு வரிசை புள்ளிகள் மட்டும் குப்பையாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது எஸ்எஸ்டி1306 அல்ல, எஸ்எச்1106. அதற்கான லைப்ரரியைப் போடுங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் கால்களின் பெயரைப் படியுங்கள், ஒரே மாதிரித் தெரியும் பலகைகளில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும்.

328பிக்குப் பதில் ஏடிமெகா32 அல்லது 16 வைத்து, எல்சிடியைப் போர்ட் சியில் இணைத்தவர்களுக்கு வேறொரு பொறி. அங்கே பிசி2 முதல் பிசி5 வரை நான்கு கால்களையும் ஜேடேக் (சிப்பைச் சோதிப்பதற்கான இணைப்பு) எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். புதிய சிப்பில் அது இயங்கும் நிலையிலேயே வரும். அந்த ஃபியூஸை அணையுங்கள், அல்லது எல்சிடியை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

உங்கள் சிப்புக்குத் திரும்பினால், நான் இந்த வரிசையில் போவேன்: பிளிங்க் நேரம், பிறகு ஆர்டபிள்யூ காலின் வோல்ட், பிறகு 17, 18, 11, 6, 5, 4 என்ற ஆறு கால்களுக்கும் அந்த ஐந்து விநாடிச் சோதனை. இவை மூன்றும் சரியாக இருந்தும் கட்டங்கள் போகவில்லையென்றால், புரோகிராமின் தொடக்கத்தில், எல்சிடியைத் தொடங்கும் வரிக்கு முன்னால், அரை விநாடி காத்திருப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் மெதுவாக ஏறும் சப்ளைகளில் சிப் விழித்து ஓடத் தொடங்கிய பிறகுதான் எல்சிடிக்குப் போதிய வோல்ட் கிடைக்கும். ரீசெட் காலை ஒரு முறை கிரவுண்டில் தொட்டுவிட்டால் எழுத்து வந்துவிடுகிறது, மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் மறுபடி கட்டங்கள் என்றால் காரணம் அதேதான். அதற்கும் அடங்காவிட்டால் பிளிங்க் நேரத்தையும் ஆறு ஒயர்களின் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள், எண்களை வைத்துக்கொண்டு மேலே பார்ப்போம்.